பெயரைக் காத்த கலை: வஹீதா ரஹ்மானின் திரைவாழ்வு குறித்துச் சில சிந்தனைகள்

நெய்வேலி நகரியத்தில் வாழ்பவர்களுக்குப் பெயரின் அருமை பிறரைவிடச் சற்றுக் கூடுதலாகவே தெரியும். இங்கே தெருக்களும் குடியிருப்புகளும் எண்களால் அறியப்படுகின்றன. எந்த வட்டம், எத்தனையாவது வீடு, எந்தச் சுரங்கத்தில் பணி என்பதே அறிமுகத்தின் முதல் மூன்று வினாக்கள். 1956இல் நிறுவனம் உருவாகி, 1957இல் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தபோது, பழுப்பு நிலக்கரிக்காகத் தம் நிலத்தை விட்டுக்கொடுத்த சிற்றூர்கள் பல. அவ்வூர்கள் இருந்த இடம் இன்று ஆழ்ந்த பள்ளம். ஆயினும் அங்கிருந்து பெயர்ந்து வந்த முதியவர்கள் தம்மை இன்றும் அந்த ஊர்ப் பெயராலேயே அடையாளப்படுத்திக் கொள்கின்றனர். மண் போன பின்னும் எஞ்சுவது பெயர். அதையும் விட்டுவிட்டால் எஞ்சுவது எண் மட்டுமே.

2023 செப்டம்பரில் தாதாசாகேப் பால்கே விருதுக்கு நடிகை வஹீதா ரஹ்மான் தேர்ந்தெடுக்கப்பட்ட செய்தி வந்த வாரம், நகரியத்தில் நண்பர் ஒருவரின் இல்லத்தில் மாலை நேரத்தில் கூடியிருந்தோம். பேச்சு இயல்பாகவே அவர் பக்கம் திரும்பியது. மூத்தவர் ஒருவர், "நம்ம சமுதாயத்துப் பிள்ளை, எவ்வளவு பெரிய உயரம்!" என்று பூரித்தார். மற்றொருவர், "நடிகையைப் பற்றி நமக்கென்ன பேச்சு?" என்று முகம் சுளித்தார். இருவரையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்த இளம் பொறியாளரான பெண் ஒருவர், "சாச்சா, அவங்க எந்த ஊர்?" என்று கேட்டார். ஐதராபாத் என்றார் ஒருவர். லக்னோ என்றார் இன்னொருவர். செங்கல்பட்டு என்று சொல்ல அவையில் எவரும் இல்லை. பண்ருட்டி, விக்கிரவாண்டி, திண்டிவனம் வழியாகச் சென்னைக்குப் போகும்போதெல்லாம் நாம் கடந்து செல்லும் அதே செங்கல்பட்டு.

பெருமிதப்பட்டவருக்கும் அவர் யாரென்று தெரியவில்லை, நிராகரித்தவருக்கும் தெரியவில்லை. அறியாமலே போற்றுவதும் அறியாமலே தள்ளுவதும் நம் சமூகத்தின் கலை குறித்த அணுகுமுறையில் நெடுங்காலமாக இருந்துவரும் இரு குறைகள். இரண்டுமே விமர்சனம் ஆகா. ஒரு கலைஞரின் வாழ்வையும் ஆக்கத்தையும் நிறுத்துப் பார்க்கும் பணியை இக்கட்டுரையில் இயன்ற அளவு செய்ய முனைகிறோம்.

செங்கல்பட்டிலிருந்து பம்பாய்க்கு

1938 பிப்ரவரி 3ஆம் நாள் செங்கல்பட்டில், உருது பேசும் தமிழக முஸ்லிம் குடும்பமொன்றில் நான்கு பெண்மக்களில் இளையவராகப் பிறந்தவர் வஹீதா. தந்தையார் அரசுப் பணியில் உயர் அலுவலராக இருந்தார். பணி மாறுதல்கள் காரணமாகக் குடும்பம் ஊர் ஊராகப் பெயர்ந்தது. விசாகப்பட்டினத்தில் சில ஆண்டுகள் கழிந்தன. மருத்துவராக வேண்டுமென்பது அச்சிறுமியின் ஆசை. பரதநாட்டியம் மற்றொரு பற்று.

முஸ்லிம் வீட்டுப் பெண்கள் நாட்டியம் கற்பதை உறவினர்கள் விரும்பவில்லை. தொழில் எதுவாயினும் இழிவு அதில் இல்லை, மனிதரின் நடத்தையிலேயே இருக்கிறது என்ற கருத்தினரான தந்தையார் அதை ஏற்கவில்லை. தயக்கம் எதிர்ப்புறத்திலும் இருந்தது. திருச்செந்தூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை முஸ்லிம் பெண்ணுக்குக் கற்பிக்க முதலில் இசையவில்லை என்றும், பின்னர் சாதகம் கேட்டார் என்றும், தம் வீட்டில் சாதகம் எழுதும் வழக்கமில்லை என்று சொன்னபோது பிறந்த நாளைக் கொண்டு தாமே கணித்துப் பார்த்து ஏற்றுக்கொண்டார் என்றும் வஹீதா நினைவுகூர்ந்துள்ளார். இருபுறத்து வேலிகளுக்கும் இடையே ஒரு சிறுமி கலை கற்ற இச்செய்தி சிறிதெனினும், தமிழகப் பண்பாட்டு வரலாற்றில் குறித்து வைக்கத்தக்கது.

தந்தையின் மறைவும் தாயின் நோயும் மருத்துவக் கனவை முடித்தன. 1955இல் தாப்பி சாணக்யாவின் 'ரோஜுலு மாராயி' தெலுங்குப் படத்தில் ஒரு பாடலுக்கு ஆடினார். ஆந்திரம் முழுவதும் பேசப்பட்ட ஆட்டம் அது. அப்படத்தின் தமிழ் வடிவமான 'காலம் மாறிப்போச்சு' (1956) படத்திலும், மாடர்ன் தியேட்டர்ஸ் வண்ணத்தில் எடுத்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) படத்திலும் ஆடினார். தமிழ்த் திரையில் அவருடைய இளமைக்காலப் பங்கு இவ்வளவே. ஆடும் கால்களுக்கு இங்கே இடமிருந்தது. நடிக்கும் முகத்திற்கு இடம் கிட்டவில்லை. ஐதராபாத் வந்திருந்த குருதத் அவரைப் பற்றிக் கேள்வியுற்றுப் பம்பாய்க்கு அழைத்தார்.

ஒப்பந்தத்தில் இரு நிபந்தனைகள்

பம்பாயில் நடந்ததை வஹீதா பலமுறை சொல்லியிருக்கிறார். ஒப்பந்தம் எழுதும் அமர்வில் இயக்குநர் ராஜ் கோஸ்லா, இப்பெயர் நீளமாக இருக்கிறது, கவர்ச்சியாக இல்லை, மாற்றிவிடலாம் என்றார். அன்றைய பம்பாயில் அது புதிய கோரிக்கை அன்று. யூசுஃப் கான் 1944இல் 'ஜ்வார் பாட்டா' படத்தின் வழியே திலீப் குமாராக அறிமுகமாகியிருந்தார். மும்தாஜ் ஜஹான் மதுபாலா ஆனார். மஹ்ஜபீன் பானு மீனா குமாரி ஆனார். ஹமீது அலி கான் அஜித் ஆனார். இம்மாற்றங்கள் அனைத்தும் மதம் மறைக்கும் நோக்கில் நிகழ்ந்தவை என்று சொல்லிவிட முடியாது. சில வணிகக் கணக்குகள். சில குடும்பத்தாரின் கண்ணுக்குத் தப்ப எண்ணியவை. ஆயினும் இத்தனை பெயர்களும் ஒரே திசையில் மாறின என்பதைக் கவனியாமல் இருக்க இயலாது.

தமிழிலும் இதற்கு ஒப்புமை உண்டு. எம்.ஜி.ஆர். படங்களுக்கு உரையாடல் எழுதிய நாகூர் காஜா முகையதீன், ரவீந்தர் என்ற பெயரிலேயே திரையுலகில் அறியப்பட்டார். மறுபுறம், கா.மு. ஷெரீபும் நாகூர் ஹனீபாவும் தம் பெயர்களோடே நின்றனர். பெயர் மாற்றியவர்களைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமன்று. வயிற்றுப்பாட்டின் நெருக்கடியைக் கடந்து நிற்கும் நாம் அவர்கள்மீது தீர்ப்பெழுதுவது எளிது. மாறாத பெயரின் விலை என்னவென்று அறிவதற்கே இவ்வொப்பீடு தேவைப்படுகிறது.

பதினெட்டு வயது நிரம்பாத அப்பெண், பெற்றோர் இட்ட பெயர் எனக்குப் பிடித்திருக்கிறது, மாற்ற மாட்டேன் என்று மறுத்தார். அவைக்கு அது அதிர்ச்சி. வாய்ப்புத் தேடி வந்த புதுமுகம், திலீப் குமாரே ஏற்றதை ஏற்க மறுக்கிறதே என்ற வியப்பு. சில நாள்களில் அவர்கள் இறங்கி வந்தனர். கையெழுத்திடும் நேரத்தில் வஹீதா மற்றொரு நிபந்தனையையும் சேர்க்கச் சொன்னார்: தமக்குப் பிடிக்காத உடையை அணியுமாறு தம்மை வற்புறுத்தக் கூடாது. வயது நிரம்பாமையால் தாயார் கையெழுத்திட்டார். முதல் இந்திப் படமான 'சி.ஐ.டி.'யிலேயே (1956) அந்நிபந்தனை சோதனைக்கு உள்ளானது. ஒரு காட்சிக்கான உடையை அவர் மறுத்தார். துப்பட்டா சேர்ந்த பின்னரே நடித்தார்.

ஒப்பந்தத்தில் ஒப்புக்கொண்ட ஷர்த்துகள் இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் என்பது ஃபிக்ஹ் படித்தோர் அறிந்த விதி. நிகாஹ் ஒப்பந்தத்திலேயே தம் நிபந்தனைகளை எழுதிச் சேர்க்கும் உரிமை பெண்ணுக்கு உண்டென்று மேடைகளில் பெருமையாகப் பேசுகிறோம். நம் வீட்டு மணப்பதிவேடுகளில் அந்தப் பத்தி பெரும்பாலும் வெறுமையாகவே கிடக்கிறது. திரைப்பட ஒப்பந்தமொன்றில் அவ்வுரிமையைப் பயன்படுத்திய இளம்பெண்ணை நோக்கி 'நடிகைதானே' என்று முகம் திருப்புவதற்கு முன், எழுதப்படாத அந்தப் பத்தியை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

இங்கே ஓர் எதிர்வினா எழும். ஹயாவைக் காக்க எண்ணுபவர் நடிப்புத் தொழிலுக்கே வராமல் இருந்திருக்கலாமே என்பது அது. மார்க்க நோக்கில் அக்கேள்விக்கு இடமுண்டு. கற்றோரிடையே அது பற்றிக் கருத்துரைகள் உள்ளன. ஆனால் தந்தையை இழந்து, நோயுற்ற தாயோடு நின்ற பெண்ணுக்கு அன்று எத்தனை வாயில்கள் திறந்திருந்தன என்ற கேள்வியையும் அதனருகே வைத்தே விடை தேட வேண்டும்.

பாத்திரங்கள்: கிடைத்ததும் கிடைக்காததும்

நெய்வேலிச் சுரங்கம் தொடங்கிய அதே 1957இல் வெளியானது குருதத்தின் 'பியாசா'. பழைய காகிதமாக விற்கப்பட்ட கவிதைகளை வாங்கிப் படித்துக் காப்பாற்றும் குலாபோ என்னும் விலைமகளாக வஹீதா நடித்தார். பதிப்பாளனும் உடன்பிறந்தோரும் அறியாத கவிதையின் மதிப்பைத் தெருவில் நிற்பவள் அறிகிறாள். கவிஞன் இறந்துவிட்டான் என்று நம்பித் தன் சேமிப்பைக் கொடுத்து அவற்றை அச்சேற்ற வழி செய்பவளும் அவளே. படத்தின் இறுதியில் கவிஞன், தன் பெயரை வைத்து வணிகம் செய்வோர் முன்னிலையில் 'நான் அவனில்லை' என்று தன் பெயரையே துறக்கிறான். பெயரை விட மறுத்துப் பம்பாய்க்கு வந்த பெண்ணின் முதற்பெரும் படம், பெயரைத் துறப்பவனின் கதையாக அமைந்தது. இரண்டிலும் உள்ள உண்மை ஒன்றே: பெயரை வைத்திருப்பதும் விடுவதும் அதற்குரியவரின் முடிவாக இருக்க வேண்டும், விற்பவரின் முடிவாக இருக்கலாகாது.

குலாபோவின் சிறப்பு வஹீதாவின் கண்களில் இருக்கிறது. பெரும்பாலும் பேசாமல் பார்க்கிறார். வாடிக்கையாளரை அழைக்கும் பார்வைக்கும் கவிதையைப் படித்துவிட்டு நிமிரும் பார்வைக்கும் இடையே உள்ள தொலைவை வசனமின்றிக் காட்டிவிடுகிறார். முகபாவங்களைப் பயிற்றும் பரதத்தின் அபிநயம் திரைக்கு வரும்போது மிகையாகிவிடும் அபாயம் உண்டு. அவரோ அதைச் சுருக்கிக்கொண்டார். குறையையும் சொல்ல வேண்டும். குலாபோவுக்குத் தனிக்கதை இல்லை. கவிஞனை மீட்பதற்காகவே அவள் படைக்கப்பட்டிருக்கிறாள். உடையில் நிபந்தனை விதிக்க முடிந்த நடிகையால் கதையில் நிபந்தனை விதிக்க முடியவில்லை. அத்தொழிலின் எல்லை அங்கே தெரிகிறது.

'காகஸ் கே பூல்' (1959) அன்று தோற்றது. அந்த இழப்பை ஈடுகட்டியது 'சௌத்வின் கா சாந்த்' (1960). லக்னோ முஸ்லிம் குடும்பங்களின் கதை அது. அங்காடியில் ஒரு கணம் கண்ட முகத்தில் மயங்குகிறான் ஒருவன். திரையிட்ட அம்முகம் யாருடையது என்பதில் எழும் மயக்கத்தால் அவனுடைய நண்பனே அப்பெண்ணை மணக்க நேர்கிறது. கண்ணுக்கு இனிய படம், ஐயமில்லை. ஆயினும் இந்தித் திரை முஸ்லிமை எங்கே நிறுத்தி வைத்தது என்பதற்கும் அது சான்று. நவாபுகளின் மாடங்கள், கஸல், பான்தான், உயர்குடி உருது. வேறு முஸ்லிம்கள் அத்திரையில் அரிது. ஆம்பூரில் தோல் பதனிடும் முஸ்லிமும், பரங்கிப்பேட்டையில் வலை இழுக்கும் முஸ்லிமும், நெய்வேலியில் சுரங்கத்தில் இறங்கும் முஸ்லிமும் அந்த லக்னோவுக்குள் நுழைய முடியாது. அந்த மாடத்தில் ஜமீலாவாக நின்றவர் செங்கல்பட்டுக்காரர் என்பதை அறிந்து பார்க்கும்போது, மறைக்கப்பட்டது முகம் மட்டுமன்று, ஊரும்தான் என்று தோன்றுகிறது.

1962இல் சத்யஜித் ராயின் வங்காளப் படமான 'அபிஜா'னில் நடித்தார். 1965இல் 'கைடு' வந்தது. ஆர்.கே. நாராயணின் நாவல் மால்குடியில், நம் தென்னாட்டு மண்ணில், நடப்பது. படத்தில் கதை இராசத்தானுக்குப் பெயர்ந்தது. நாராயணுக்கு அது உவப்பாக இல்லை. தென்னாட்டு எழுத்தாளரின் நாட்டியப் பெண்ணாக, தமிழாசானிடம் பரதம் பயின்ற தமிழகப் பெண் நடிக்கிறார். ஆனால் கதை நடப்பதோ உதயப்பூரில். நாவலில் ரோஸி என்னும் பெயர் மேடைக்குப் பொருந்தாதென்று அவளுக்கு நளினி என்று பெயர் மாற்றப்படுகிறது. பின்னர், அவளை வளர்த்துவிட்டதாக எண்ணும் ராஜு அவளுடைய கையெழுத்தையே போலியாக இடுகிறான். முதலில் பெயர், அடுத்துக் கையெழுத்து. ஒரு பெண்ணின் உழைப்பு பிறர் கைக்குப் போகும் வழியை நாராயண் இவ்விரு படிகளில் துல்லியமாகக் காட்டிவிட்டார்.

கணவனை விட்டு வெளியேறும் பெண்ணை இழிவாகவும் காட்டாமல், புனிதப்படுத்தவும் செய்யாமல் நடித்துக் காட்டியதே 'கைடு' படத்தில் வஹீதாவின் சாதனை. புறக்கணிக்கப்பட்ட மனைவியின் ஆட்டத்தில் ஆத்திரம் இருக்கிறது; புகழ்பெற்ற நர்த்தகியின் ஆட்டத்தில் திறமை மட்டும் இருக்கிறது. இவ்விரு ஆட்டங்களுக்கும் இடையே ஒரு வாழ்க்கை கழிந்திருப்பதை உணர்கிறோம். ஃபிலிம்ஃபேர் விருதை அப்படம் பெற்றுத் தந்தது. இரண்டாம் முறை அவ்விருது 'நீல் கமல்' (1968) படத்திற்குக் கிடைத்தது. முற்பிறவிக் காதலும் மாமியார் கொடுமையும் கலந்து, பெண்ணின் துன்பத்தையே அழகாக்கிய அப்படம் அவர் தரத்திற்கு உரியதன்று என்பது நம் கருத்து. மனநோயாளிகளைக் குணப்படுத்தக் காதலை நடித்து, இறுதியில் தானே நிலைகுலையும் செவிலியாக 'காமோஷி'யில் அவர் தந்த நடிப்புக்கு அவ்விருது கிட்டவில்லை. விருதுப் பட்டியலை மட்டும் பார்த்துக் கலைஞரை அளப்போர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பணீசுவர்நாத் ரேணுவின் சிறுகதையைத் தழுவிக் கவிஞர் சைலேந்திரா தயாரித்த 'தீஸ்ரி கசம்' (1966) தனியே குறிப்பிடத்தக்கது. ஊர் ஊராகச் சென்று நௌடங்கி ஆடும் ஹீராபாயை மாட்டுவண்டியில் ஏற்றிச் செல்கிறான் வண்டிக்காரன் ஹீராமன். அவன் அவளைத் தேவதையாகக் காண்கிறான். பார்வையாளர் அவளை விலைப்பொருளாகக் காண்கின்றனர். இரு பார்வையிலும் தான் இல்லை என்பது அவளுக்கு மட்டும் தெரியும். போற்றுவோரும் தூற்றுவோரும் சேர்ந்து ஒரு மனுஷியைக் காணாமற்போக்குவதை இவ்வளவு அமைதியாகச் சொன்ன படம் அரிது. எங்கள் மாலைக் கூட்டத்தில் ஒலித்த இரு குரல்களும் அவ்வண்டிக்காரனும் அக்கூட்டமும்தாம் என்று பின்னர் நினைத்துக்கொண்டோம். வெளிவந்தபோது படம் தோற்றது. சைலேந்திரா அவ்வாண்டு டிசம்பரில் மறைந்தார். சிறந்த படத்திற்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. வஹீதாவுக்குத் தேசிய விருதைத் தந்தது 'ரேஷ்மா அவுர் ஷேரா' (1971).

மௌனம் என்னும் ஒழுக்கம்

குருதத் 1964இல் மறைந்தார். அவரையும் வஹீதாவையும் இணைத்து இதழ்கள் எழுதியவை ஏராளம். வஹீதாவோ குருதத்தின் கலையைப் பற்றி நன்றியோடு விரிவாகப் பேசினார். தனிவாழ்வைப் பற்றிக் கேட்டபோது அது தமக்குரியது என்று நிறுத்திக்கொண்டார். நஸ்ரீன் முன்னி கபீர் 2014இல் வெளியிட்ட நெடிய உரையாடல் நூலிலும் அந்த எல்லை மாறவில்லை. இறந்தவரைப் பற்றியும் அவர் குடும்பத்தைப் பற்றியும் ஒரு சொல் கூடுதலாகச் சொல்லியிருந்தால் நூல் இன்னும் விற்றிருக்கும். துருவி ஆராய்வதும் புறம்பேசுவதும் கூடாதென்று கற்பிக்கப்பட்ட சமூகத்தினர் நாம். இன்று நம் கைப்பேசிகளில் ஓடுபவை எவை என்று கேட்டுக்கொள்ளலாம்.

1974இல் சக நடிகர் கமல்ஜீத்தை மணந்து பின்னர் பெங்களூரில் குடியேறினார். 2000இல் கணவர் மறைந்தபின் மும்பை திரும்பினார். அந்த மதம் கடந்த திருமணத்தில் நம் வாசகர் பலருக்கு உடன்பாடு இராது. அது மறைக்க வேண்டியதுமன்று, கலையின் மதிப்பீட்டை அதன்மேல் ஏற்ற வேண்டியதுமன்று. பிற்காலத்தில் 'வாட்டர்', 'ரங் தே பசந்தி', 'டெல்லி 6' எனத் தாயாகவும் பாட்டியாகவும் நடித்தார். காட்டுயிர்களை ஒளிப்படம் எடுப்பதில் ஈடுபட்டார். 1972இல் பத்மஸ்ரீ, 2011இல் பத்மபூஷண் என விருதுகள் வந்தன.

நாம் ஏன் மறந்தோம்?

வடக்கே சென்று புகழ்பெற்ற தமிழகப் பெண்களைப் பற்றிப் பேசும்போது வைஜெயந்திமாலா, ஹேமமாலினி, ரேகா, ஸ்ரீதேவி என்று பட்டியல் நீள்கிறது. செங்கல்பட்டில் பிறந்த வஹீதா அப்பட்டியலில் இடம்பெறுவதை அரிதாகவே காண்கிறோம். தமிழ் இதழ்களுக்கு அவர் முஸ்லிம், எனவே வடக்கத்தியர். இதைச் சொல்லிப் பிறரைக் குறைகூறுவதோடு நிறுத்திக்கொள்ள நமக்கு உரிமை இல்லை. தமிழ் பேசும் முஸ்லிம்களாகிய நாமும், வீட்டில் உருது பேசும் நம் சகோதரர்களை நம்மவராக முழுமையாக எண்ணியதுண்டா? இராவுத்தர், மரைக்காயர், லெப்பை என்று நம் வரலாற்றை எழுதும்போது தக்னி பேசுவோருக்கு ஓர் அடிக்குறிப்பு ஒதுக்குகிறோம். ஆர்க்காட்டிலும் வேலூரிலும் செங்கல்பட்டிலும் பல தலைமுறைகளாக வேரூன்றியவர்கள் அவர்கள். அவர்களை நாமே விருந்தினராக நடத்தினால், பிறர் அந்நியராக நடத்துவதைக் கேட்க நம்மிடம் சொல் இராது.

ஒரு செய்தியைச் சொல்லி முடிக்கிறோம். 2013இல் 'விஸ்வரூபம்' படம் முஸ்லிம்களைக் காட்டிய விதம் குறித்துத் தமிழகத்தில் நம்மவர் எதிர்ப்புத் தெரிவித்ததும், அரசு தடை விதித்ததும், சில திருத்தங்களோடு படம் வெளியானதும் வாசகர் அறிந்தவை. அதன் இரண்டாம் பாகம் 2018இல் வந்தபோது நாயகனின் தாயாக நடித்தவர் வஹீதா ரஹ்மான். தமிழ்த் திரையில் ஆடி ஏறத்தாழ அறுபதாண்டுகளுக்குப் பின் நிகழ்ந்த வருகை. நினைவை இழந்து, பெற்ற மகனையே அடையாளம் காணாத தாயின் பாத்திரம் அது. முதற்பாகத்தைப் பற்றி அத்தனை பேசிய நாம், இரண்டாம் பாகத்தில் வந்து நின்ற அம்மூதாட்டி நம் மண்ணின் மகள் என்பதைக் கவனிக்கவேயில்லை. திரையில் மறதி தாய்க்கு. திரைக்கு வெளியே அது நமக்கு.

அந்த மாலைக்குப் பின் இளம் பொறியாளர் 'தீஸ்ரி கசம்' பார்த்துவிட்டு வந்து சொன்னார்: "சாச்சா, அவங்க பேரை மாத்தியிருந்தா, இவங்க நம்ம ஊர்க்காரங்கன்னு தேடணும்னே எனக்குத் தோணியிருக்காது." பெயர் ஓர் அமானிதம். வைத்திருப்பவர் காத்தால், பின்னால் வருபவர் அதைப் பிடித்துக்கொண்டு வேரைத் தேடி வர முடியும். வஹீதா ரஹ்மான் தம் பங்கை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிச் செய்து முடித்தார். செங்கல்பட்டைத் தேடிக் கண்டடையும் மீதிப் பங்கு நம்முடையது.